பிரிக்காத பொட்டலம்

ஜெயசித்ராவுக்கு வந்த கோபம் சாமி மேல இல்லை. சாமி என்ன பண்ணும், பாவம்? எல்லாம் அண்ணன் கலைச்செல்வன் மேலதான்.

செட்டிகுளத்துல அவளைத் தெரியாதவங்க கிடையாது. சின்ன வயசுலயே புருசன் செத்து, பொறந்த வூட்டுக்கு வந்தவ. அன்னையிலேருந்து அண்ணனோட வெங்காயக் காட்டுல களையெடுத்து, மாட்டுக்குத் தண்ணி காட்டி, அண்ணி பெத்த பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பி, ஓயாத உழைப்பு. கூலியா? அட, கூடப்பொறந்தவனுக்குச் செய்யறதுக்குக் கூலி வேறயா!

இந்தத் தையில, ஆலத்தியூர்ல வெல்டிங் பட்டறை வச்சிருக்கிற தமிழழகன் நேரா வந்து அவளைப் பொண்ணு கேட்டான். அவனும் பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன். "எனக்குச் சம்மதம்"னு ஜெயசித்ரா வெக்கப்படாம சொல்லிட்டா. கலைச்செல்வன் முகம் செத்துப்போச்சு. காட்டை யாரு பார்ப்பா? ஆனா வேண்டாம்னு சொன்னா ஊரு காறித் துப்பும். "குலசாமிகிட்ட பூ கேட்டுருவோம். சாமி சொல்றபடி நடப்போம்"னான்.

அவளும் சரின்னா. கிணறு வெட்டறதுன்னாலும் கல்யாணம்னாலும் அந்தக் குடும்பத்துல பூ கேக்காம எதுவும் நடக்காது. மல்லியை ஒரு இலையில, செவ்வரளியை ஒரு இலையில மடிச்சுக் குலுக்கிப் போட, பூசாரி கண்ணை மூடி ஒண்ணை எடுப்பார். வெள்ளைன்னா நடத்து, சிவப்புன்னா நிறுத்து.

கோயில்ல பூசாரி அமிர்தலிங்கம் எடுத்தார். வெள்ளை. அவளுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.

"இருங்க, சூடம் அணைஞ்சுபோச்சு. திரும்பக் கேட்போம்"னான் அண்ணன். மறுபடியும் வெள்ளை. "அப்பாவை நெனைச்சுக்காம கேட்டுட்டோம். இன்னொரு தடவை." மூணாவது தடவை சிவப்பு வந்துச்சு. தடால்னு விழுந்து கும்பிட்டான் பாருங்க, மனுசன்!

"சாமி சொல்லிருச்சு. இனிமே பேச்சில்ல."

ஜெயசித்ராவுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ஏண்ணே, சூடம் இப்பவும் அணைஞ்சுதான் கெடக்கு. இன்னொரு தடவை போடச் சொல்லு."

"சாமியைச் சோதிக்காதடி!"

"நானா சோதிக்கிறேன்? இருக்கிறதே ரெண்டு பொட்டலம். போட்டுக்கிட்டே இருந்தா என்னைக்காவது சிவப்பு வராமலா போகும்? உனக்கு வேண்டியது வர்ற வரைக்கும் கேட்டுட்டு, வந்ததும் நிறுத்திக்கிட்டா அது சாமி வாக்கா? ஏன் பூசாரி, மொதல்லயே சிவப்பு வந்திருந்தா, எனக்காக இன்னொரு தடவை எடுத்திருப்பீங்களா?"

பூசாரி விபூதித் தட்டையே பார்த்துக்கிட்டு நின்னார்.

"மொதத் தடவை சொன்னது சாமி. அப்புறம் கேட்டதெல்லாம் நீ."

பிரிக்காம கெடந்த பொட்டலத்தை அவளே குனிஞ்சு எடுத்துப் பிரிச்சா. உள்ள இருந்த மல்லிச்சரத்தை எடுத்து, இத்தனை வருசமா பூ ஏறாத தலையில, எல்லாரும் பார்க்க வச்சுக்கிட்டா.

கோயில் படியிறங்கி, ஆலத்தியூர் பஸ் ஏற ஸ்டாப் பக்கம் நடந்தவ, ஒரு தடவை மட்டும் திரும்பினா.

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும்ணே. மறந்துடாத."