ஓடைத்தெருவைக் காத்த பிரியாணி

ராஜபாளையத்துக்கு மேற்கே ஓடைத்தெருவில் பதினொரு வீடுகள். அந்தப் பதினொன்றையும் வெள்ளத்திலிருந்து காக்கும் பொறுப்பு காளீஸ்வரியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ஆயுதமாக ஒரு ஆரஞ்சு நிற மேல்சட்டையும் ஒரு விசிலும் வழங்கப்பட்டுள்ளன.

அவளுடைய தகுதி, பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் பதினாறு வருட வேலை. பேண்டேஜைத் தொட்டவளுக்கு முதலுதவி பாதி தெரிந்திருக்கும் என்று பேரிடர்த் தொண்டுக்கு ஆள் எடுக்க வந்த அதிகாரிகள் முடிவு செய்தார்கள். மீதிப் பாதியை அரை நாளில் கற்றுக்கொடுத்தார்கள்.

புரட்டாசிதோறும் ஒத்திகை நடக்கும். அதிகாரியின் ஜீப் தெருமுனைக்கு வந்ததும் காளீஸ்வரி விசில் ஊதுவாள். சனம் தலை சீவி, நல்ல சேலை உடுத்தி மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும். அறுபது வயது குருவம்மாளுக்குக் காயம்பட்டவர் வேஷம். ஆறு வருடமாக வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. தலையில் கட்டோடு ஸ்ட்ரெச்சரில் போவாள். பள்ளியில் போட்டோ, பிறகு ஆளுக்கொரு எலுமிச்சை சாதம். இதிலிருந்து தெரு தெளிவாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: ஜீப் வந்தால் வெள்ளம், வராவிட்டால் வெறும் மழை.

இந்த ஐப்பசியில் ஒரு மதியம் அய்யூப் போன் செய்தார். மலையடிவாரத்தில், அய்யனார் கோவில் போகும் வழியில் டீக்கடை வைத்திருப்பவர்.

“தங்கச்சி, மலையில ரெண்டு மணி நேரமா ஊத்துது. தண்ணி செக்கச்செவேர்னு மரத்தை உருட்டிக்கிட்டு வருது. ஒரு மணி நேரத்துல ஒங்க தெருவுக்கு வந்துரும்.”

முதல் ஷிப்ட் முடித்து வந்தவள், அப்போதுதான் ஒரு வாய் சோறு எடுத்திருந்தாள். தட்டை மூடிவைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு விசில் ஊதினாள். ஓடைத்தெருவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

முதல் வீட்டுப் பாண்டி வாசலில் பல் குத்திக்கொண்டிருந்தான். “ஜீப்பைக் காணோமே மதினி?”

“இது நெசம்லே. மலையில மழை.”

“ஒத்திகையிலயும் நெசம்னு நெனச்சு ஓடுங்கன்னுதான சொன்னிய.”

பயிற்சிக் கையேட்டின்படி காளீஸ்வரி அடுத்த கதவைத் தட்டினாள்.

குருவம்மாள் மட்டும் விசிலுக்கு மரியாதை கொடுத்து, தலையில் கட்டுப் போட்டுத் தயாராகப் படுத்திருந்தாள். “ஸ்ட்ரெச்சர் எங்கட்டி?”

“நடந்து வாங்க அத்தை. காலு நல்லாத்தான இருக்கு.”

“காயம்பட்டவ நடந்து போனா வாரவுக என்ன நெனப்பாக? ஜீப்பு வரட்டும்.”

ஆறு கதவு தட்டியதில் இருபது நிமிடம் போயிற்று. ஒருவரும் அசையவில்லை. காளீஸ்வரிக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. ஓடையை எட்டிப் பார்த்தாள். கலங்கல் தண்ணீர் கரையோரச் செடியைத் தொட்டுவிட்டது.

தெரு நடுவில் வந்து நின்று, சந்தையில் விலை சொல்கிற குரலில் சொன்னாள்: “பெரிய அதிகாரி நேரா பள்ளிக்கூடத்துக்கே வந்துட்டாக. இந்த வருசம் பிரியாணி.”

பத்து நிமிடத்தில் தெரு காலி. பேரிடர் மேலாண்மையில் இவ்வளவு வேகம் இந்த வட்டாரத்தில் பதிவானதில்லை. தலைக்கட்டோடு எல்லாருக்கும் முன்னால் நடந்தது குருவம்மாள்.

பள்ளி வராந்தாவில் காளீஸ்வரி வீடு வீடாகத் தலை எண்ணினாள். பதினொரு வீடும் வந்திருந்தது. இரண்டாம் தடவை எண்ணி முடிக்கும்போது ஓடைத்தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. பாண்டி வீட்டின் பக்கச்சுவர் விழுந்த சத்தம் அங்கே வரை கேட்டது.

சனம் காளீஸ்வரியைச் சூழ்ந்துகொண்டது. பிறகு விசாரணை தொடங்கியது.

“அதிகாரி எங்க மதினி?”

“வரல.”

“பிரியாணி?”

“ஒன் வீட்டுச் செவரு விழுந்துட்டுலே.”

“அது வேற. நான் கேக்கது பிரியாணிய.”

“இம்புட்டுப் பேரையும் ஏமாத்திட்டாளே,” என்றாள் குருவம்மாள், கட்டை அவிழ்த்தபடி. “இனி நீ ஊதுனா நான் வரமாட்டேன்ட்டி. பொய் சொல்லுதவள எப்படி நம்ப?”

பதினொரு குடும்பமும் உயிரோடு அமர்ந்து, ஒற்றுமையாகத் திட்டியது. ஐப்பசி முடிந்தால் கார்த்திகை மழை இருக்கிறது. அதற்கு வேறு பொய் தேட வேண்டும். என்ன சொன்னால் வருவார்கள் என்று காளீஸ்வரி யோசிக்கத் தொடங்கினாள். பாதியில் தலை சுவரில் சாய்ந்தது. குருவம்மாள் திட்டி முடிக்கவில்லை; இவள் உறங்கிவிட்டாள்.