முதல் கையெழுத்து

சென்ற வாரம் ஒத்தக்கடை பக்கம் ஒரு கல்லூரியில் பேசப் போயிருந்தேன். மதுரை வரலாறுதான் தலைப்பு. பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தார்.

"வெள்ளைக்காரங்க காலத்துல கோட்டையை இடிச்சு, அகழியை மூடித்தான் வெளி வீதிகள் வந்துச்சுன்னு சொன்னீங்க மேடம். அப்ப இங்க இருந்த ஜனங்க அதைப் பத்தி என்ன நினைச்சாங்க?"

அருமையான கேள்வி. பதில்தான் என்னிடம் இல்லை. ஆனால் மைக் கையில் இருந்ததே...

"பயந்திருப்பாங்க. புதுசுன்னா நம்ம ஜனங்களுக்கு எப்பவும் பயம்தானே?" என்று அடித்துவிட்டேன். கைத்தட்டல்கூட விழுந்தது!

திரும்பும்போது கோரிப்பாளையத்தில் பஸ் நகரவே இல்லை. இறங்கி நடந்தேன். சாலையை அகலப்படுத்தக் கடைகளை இடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து சிக்கந்தர் அண்ணனின் செருப்புக் கடை. பல வருடங்களாக எனக்கு அங்கேதான் செருப்பு. பொக்லைன் பக்கத்தில் காத்திருக்க, அண்ணன் கடைசி அட்டைப்பெட்டிகளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"நாலஞ்சு கடைக்காரங்க கோர்ட்டுக்குப் போயிருக்காங்களாமே... நீங்களும் சேர்ந்திருக்கலாம்லண்ணே? நான் வேணா பத்திரிகையில எழுதட்டுமா?"

"வேணாம் தங்கச்சி. இடிக்கச் சம்மதம்னு முத கையெழுத்துப் போட்டதே நான்தான்."

புரியாமல் பார்த்தேன்.

"மெகருக்கு நெஞ்சுவலி வந்துச்சுல்ல..."

மெகருன்னிசா, அவர் மனைவி. மூன்று வருடங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துபோனார். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

"ஆம்புலன்ஸ் இங்கனதான் நின்னுச்சு, நம்ம கடைக்கு நேரா. சைரன் அடிக்குது, வண்டிகளுக்கு ஒதுங்க இடமில்ல. யாரைக் குத்தம் சொல்ல? எம்புட்டு நேரம் நின்னோம்னே தெரியல. என் கையைப் பிடிச்சுக்கிட்டு சன்னல் வழியா கடையவே பாத்துக்கிட்டு இருந்தா. 'சரியா பூட்டுனீங்களா'ன்னு கேட்டா. அதான் அவ கடைசியா பேசுனது."

அவர் ஒரு அட்டைப்பெட்டியை ஆட்டோவுக்குள் தள்ளி வைத்தார்.

"இந்தக் கடை நாலடி உள்ள தள்ளி இருந்திருந்தா பொழச்சிருப்பாளோன்னு, தெனமும் ஷட்டரைத் தூக்கும்போது தோணும். எங்க அத்தா ஆரம்பிச்சு, மகன்னு எங்கிட்ட குடுத்த கடை தங்கச்சி. வலிக்கலைன்னா பொய். ஆனா அடுத்தவுக வீட்டு ஆம்புலன்ஸாவது போகணும்ல?"

ஒரு பெட்டியைத் தூக்கி அவரிடம் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

அந்தக் கோட்டைச் சுவர் விழுந்தபோதும் இப்படி யாராவது நின்றிருப்பார்களோ — தானே சம்மதம் சொல்லிவிட்டு, தானே கலங்கியபடி? இடிக்க உத்தரவு போட்டவர்களைப் பற்றித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். இவர்களை யார் கேட்டார்கள்? நான் மட்டும் கேட்டேனா? 'பயந்திருப்பாங்க' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன்.

"பாய், ஆரம்பிக்கலாமா?" பொக்லைன் டிரைவர் குரல் கொடுத்தார்.

அண்ணன் தலையசைத்தார். முதல் இடியில் கடையின் நெற்றி பெயர்ந்து விழுந்தது. அவர் கண் கலங்கப் பார்த்துக்கொண்டே நின்றார்.

முகத்தைத் திருப்பிக்கொண்டது நான்தான்.