வெறும் போசி

இன்று காலை அந்தத் தூக்குப் போசியைத் தேய்த்துக் கழுவித் துடைத்து முடித்ததும் என் வலது கை தன் பாட்டுக்கு நாட்டுச்சர்க்கரை டப்பாவுக்குள் போய்விட்டது. ஒரு கை அள்ளியும் விட்டேன். எங்கள் பக்கத்தில் பாத்திரத்தைப் போசி என்றுதான் சொல்வோம். இது பிடியும் மூடியும் வைத்த பழைய எவர்சில்வர் போசி. மூடியில் வெட்டியிருக்கும் பெயர் தேய்ந்து தேய்ந்து பாதிதான் தெரிகிறது. என் மாமியார் இறந்த அன்று, துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதே என்று மல்லசமுத்திரத்திலிருந்து அவருடைய தங்கை மகள் இதில்தான் சோறு கொண்டுவந்தாள். இன்றைக்குத் திரும்ப எடுத்துப் போக வருகிறாள். ஏதாவது போட்டு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது எங்கள் ஊரில் பெரிய குற்றம். கொஞ்சம் சர்க்கரை, இரண்டு முட்டை, ஒரு பிடி அரிசி, எதுவும் இல்லாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது போட்டுத்தான் அனுப்புவோம். பிறந்ததிலிருந்து பழகிய கை, யாரைக் கேட்டுக்கொண்டு போகும்? அள்ளிய சர்க்கரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிபாளையத்தில் எங்களுடையது தறி வீடு. பின்கட்டில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் தொண்டை பெரிது. அத்தைக்கு எல்லோரையும்விடப் பெரிது. அவர் யாரிடமும் எதையும் சும்மா வாங்கியதில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து யாராவது வண்டியில் ஏற்றி வந்து விட்டால் மறுநாள் அவர்கள் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் போய்விடும். கால் வலிக்கிறதே என்று நான் பிடித்துவிட்டால், உடனே என்னை உட்கார வைத்துத் தலைவாரிப் பின்னிவிட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். "ஆருகிட்டயும் கை நீட்டப்படாது கண்ணு. நீட்டிப்போட்டா அப்பறம் தலைய நிமுத்தி நடக்க முடியாது" என்பார். வந்த புதிதில் எனக்கு இது வறட்டுக் கௌரவமாகத்தான் பட்டது. வாயை அடக்கத் தெரியாத நான் அதை அவர் காதுபடவே சொல்லியும் இருக்கிறேன். "ஆமா, கௌரவந்தான். உனக்கு வேணும்னா ரெண்டு படி அளந்து தாரேன், வெச்சுக்க" என்று திருப்பிக் கொடுத்தார். அதையும் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை, பாருங்கள்.

நான் பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது அத்தை வயிற்றில் ஓர் அறுவைச் சிகிச்சை ஆகி ஈரோட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலிருக்கும் சபையின் பாஸ்டரம்மா வந்திருக்கிறார். வந்தவர் அத்தைக்காகவும் ஜெபம் பண்ணிவிட்டு, வீட்டுக்குத் திரும்பிய பிறகும் பெண்துணை இல்லாத வீடாயிற்றே என்று நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். தெற்கத்திக்காரர், என் வயதுதான் இருக்கும், அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். அத்தை விடுவாரா? கஞ்சி வந்த போசியில் முட்டை போயிற்று. அந்த அம்மா ஊர்ப் பக்கத்திலும் இதே வழக்கம்தானே, முட்டை வந்த போசியில் அதிரசம் அனுப்பினார். அதிரசத்துக்குக் கடலைக்காய் போயிற்று. கைக்குழந்தையோடு நான் வந்து பார்க்கும்போது இரண்டு வீட்டுக்கும் நடுவே போசிச் சண்டை ஒன்று மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கடைசியில் அத்தைதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டார். "அவிய நமக்கோசரம் சாமி கும்பிட்டாங்க. நாம ஒரு நா போயி அவிய கோயில்ல உக்காந்துட்டு வந்தாத்தான் மொறை" என்றார்.

முறைக்குப் போனவர் அடுத்த ஞாயிறும் போனார். துணைக்கு நான். கடைசி வரிசையில், மின்விசிறிக்குக் கீழே எனக்கு ஓர் இடம், என் பக்கத்தில் அத்தை. பாஸ்டர் பாவமன்னிப்பு என்று சொல்லும்போதெல்லாம் அத்தையின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். "என்னங்கத்தை, அவரு அங்க வெங்காயமா உரிக்கறாரு?" என்று ஒருமுறை கேட்டேன். எதற்கும் பதில் வைத்திருக்கும் மனுஷி அன்றைக்கு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். போகப் போக அவர் சபைக்குச் செய்யாத வேலை இல்லை என்றாயிற்று. சனிக்கிழமை போய் வாசல் கூட்டினார், எங்கள் தறியில் ஓட்டிய துணியில் சபைக்குத் திரை தைத்துக் கொடுத்தார், உபவாசம் இருந்தார். ஆனால் "இயேசுவை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் பெற விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம்" என்று பாஸ்டர் கூப்பிட்டால் மட்டும் அத்தை மெதுவாக எழுந்து வெளியே போய்விடுவார். செருப்பு இருக்கிறதா என்று பார்க்கப் போனாராம். அந்தச் செருப்பை நாய்கூடத் தூக்காது. வருஷக்கணக்காக இதுதான் நடந்தது.

எங்கள் வீட்டில் மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால் கரண்ட் போக வேண்டும். ஒரு பகல் பொழுதில் அப்படிப் போனது. தறிகள் நின்று, வீடே காது அடைத்தாற்போல் ஆகிவிட்டது. பாஸ்டரம்மா தன் போசியை வாங்கிப் போக வந்திருந்தார். அத்தை வழக்கம்போலச் சர்க்கரை அள்ளப் போக, அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, இன்னைக்கு ஒரு நாள் சும்மா குடுங்களேன்."

"வெறும் போசியவா? எங்கூட்டுல அந்த வழக்கமே இல்லீங்க."

"சரிம்மா. ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. ஞானஸ்நானம்னாலே ஏன் எந்திரிச்சுப் போயிடுதீங்க?"

அத்தை சர்க்கரை டப்பாவை மூடினார். தறிக்கு நூல் தார் சுற்றும் மணையில் போய் உட்கார்ந்தார். பிறகு, கரண்ட் வந்துவிடுமோ என்று பயந்தவர்போலக் கடகடவென்று சொன்னார். அவருக்கு ஒரு தங்கை இருந்தார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். போர்வெல் வண்டியில் வேலை பார்த்த வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டு மல்லசமுத்திரம் போய்விட்டவர். வீட்டில் எல்லோரும் தலைமுழுகிவிட்டார்கள். என் கணவர் பிறந்திருந்தபோது, அக்காள் பிள்ளை பெற்றிருக்கிறாளே என்று அந்தத் தங்கை தன் பெயர் வெட்டிய போசி நிறைய ஒப்புட்டு, அதாவது போளி, சுட்டு எடுத்துக்கொண்டு இந்த வாசலில் வந்து நின்றிருக்கிறார்.

"மூடியக்கூடத் தொறக்குலீங்க. உங்கூட்டுச் சோறு எங்கூட்டுக்கு ஆவாது, எடுத்துட்டுப் போன்னு சொல்லிப்போட்டேன். நெறைச்சுக் கொண்டாந்தத நெறைச்ச மேனிக்கே தூக்கிட்டுப் போனா. திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனா. அப்பறம் காச்ச வந்து செத்தே போயிட்டா, நான் அதுக்கும் போவுல. அன்னையிலருந்து எந்தப் போசியப் பாத்தாலும் அவ போசியாட்டத்தானுங்க தெரியுது. உங்க சாமிகிட்ட நான் எப்புடிங்க கைய நீட்டறது? இதுக்கு நான் எதைக் கொண்டுபோயிக் குடுத்து நேர் பண்ணட்டும்? வாசக் கூட்டிப் பாத்துட்டேன், பட்டினி கெடந்து பாத்துட்டேன். ஆவுலீங்களே!"

என் கையில் இருந்த நூல் கண்டை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பாஸ்டரம்மாவும் உடனே வசனம் ஒன்றும் சொல்லிவிடவில்லை. அத்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவரும் அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நேர் பண்ண முடியாதும்மா. உங்களாலயும் முடியாது, என்னாலயும் முடியாது. அதுக்குத்தான் அவர் வந்தாரு. நம்ம பாவத்துக்கு வரவேண்டிய தண்டனைய இயேசு சிலுவையில தன்மேல வாங்கிக்கிட்டு, மன்னிப்ப நமக்குச் சும்மா குடுக்காரு. உயிரோட எழுந்து இன்னும் நீட்டிக்கிட்டேதான் நிக்காரு. செஞ்சது பாவம்னு ஒத்துக்கிட்டு, அதைவிட்டுத் திரும்பி, அவரை நம்பி வாங்கிக்கிடணும். நம்ம பக்கத்துல அவ்வளவுதாம்மா" என்றார்.

"அத்தன சுளுவுங்களா?"

"உங்களுக்குச் சுளுவு. அவருக்கு இல்ல."

அத்தை யோசித்தார். "இருந்தாலும் ஒண்ணுமே குடுக்காம..."

"உங்க மகனுக்கு இத்தன வருஷம் சோறு போட்டீங்களே, அவரு என்னத்தத் திருப்பிக் குடுத்தாரு?"

"அவனா? தின்ன வட்டலக்கூட எடுத்து வெக்க மாட்டான்!" அழுகையின் நடுவே அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எங்களுக்கும்தான். "அப்ப எதுக்குப் போட்டீங்க?" என்று பாஸ்டரம்மா கேட்டார்.

"ஏனுங்க, எம்பட புள்ளைங்க அவன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது என்று நினைக்கிறேன். நிறைத்துக் கொண்டுவந்தவளை வாசலில் நிற்கவைத்துத் திருப்பி அனுப்பிய அதே காரியத்தைத்தான் இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் செருப்புப் பார்க்கப் போய்ச் செய்துகொண்டிருந்தார் என்பது அவருக்குப் பட்டிருக்க வேண்டும். முந்தானையை எடுத்து இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டார். யாரிடமும் கை நீட்டாத அத்தை, பிச்சை கேட்பவர்போல. "சாமி, எங்கிட்ட குடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க. நான் செஞ்சது பாவந்தானுங்க. நீங்க குடுங்க, வாங்கிக்கறனுங்க" என்றார். ஜெபம் அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்து தறிகள் தடதடவென்று அடிக்கத் தொடங்கின. அத்தை எழுந்து, போசியைக் கழுவித் துடைத்து, வெறுமனே பாஸ்டரம்மா கையில் கொடுத்தார்.

காவிரியில் அவருக்கு ஞானஸ்நானம் ஆனது. அடுத்த வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு மல்லசமுத்திரத்துக்குக் கிளம்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் நான் ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கி வந்தால், வேண்டாம் என்கிறார். "முன்னப்பின்ன பார்க்காத சொந்தக்காரங்க ஊட்டுக்கு வெறுங்கையோடவா போவாங்க? ஊரு சிரிக்கும்" என்று நான் குதித்தேன். "சிரிக்கட்டும் கண்ணு. இன்னிக்கு நான் வெறுங்கையோடத்தான் போவோணும்" என்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

தங்கை மகள் வாசலில் குச்சிக்கிழங்கு வெட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். யார் என்று தெரிந்ததும் அவள் முகம் இறுகிப்போயிற்று. "இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களாக்கும்?" என்றாள். கேட்கத்தானே செய்வாள், நானாக இருந்தால் இன்னும் நாலு சேர்த்துக் கேட்டிருப்பேன். அத்தை வாசலிலேயே நின்றார். "நான் ஒண்ணுங் கொண்டாருல கண்ணு. உங்கம்மா குடுத்தத நான் வாங்குல. அது பெரிய பாவம், எந்தலையோட போவட்டும்னு இருந்தேன். சாமி மன்னிச்சுப்போட்டாரு. நீயும் மன்னிச்சா நல்லாருக்கும். ஒரு வாய் சோறு போடு, தின்னுட்டுப் போறேன்" என்றார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்றே நினைத்தேன். உள்ளே வட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. அரிசிம்பருப்புச் சோறு போட்டாள். அத்தை மறுசோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். புறப்படும்போது அவள் பரணிலிருந்து ஒரு போசியை எடுத்துத் தூசி தட்டினாள். "அக்கா ஊட்டுக்குக் கொண்டுபோன போசின்னு அம்மா இதை வேற எதுக்குமே எடுக்க உடமாட்டாங்க, பெரீம்மா" என்று சொல்லி, மீதிச் சோற்றை அதில் நிறைத்துக் கொடுத்தாள். பெரியம்மா என்று அவள் கூப்பிட்டதும் அத்தை அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். பஸ் குலுக்கிய குலுக்கலில் அந்தப் போசியை மடியை விட்டு இறக்கவே இல்லை.

அதற்கப்புறம் அத்தை கொடுப்பதை நிறுத்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். முன்னைவிட அதிகமாகக் கொடுத்தார். யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துக் கேட்காமலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே வருவார். ஆனால் மல்லசமுத்திரத்துப் போசி மட்டும் எத்தனை தரம் நிறைந்து வந்தாலும் வெறுமனேதான் திரும்பும். கடைசி மாதங்களில் படுக்கையாகிவிட்டார். நான்தான் ஊட்டிவிட்டேன். அந்தக் கௌரவக்காரி, குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். "ஒண்ணுந் திருப்பித் தர முடியாது கண்ணு, பாத்துக்க" என்று கேலி வேறு. அத்தை, நீங்கள் எனக்கு என்ன கொடுத்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டீர்கள். இத்தனை வருஷம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேனே, நானும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. இந்த வாயை அடக்கி, கோபத்தைக் குறைத்து, கொஞ்சம் நல்லவளாக ஆன பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நானும் சர்க்கரை அள்ளிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் இருந்த சர்க்கரையை டப்பாவிலேயே கொட்டி மூடினேன். உள்ளங்கையில் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டுப் போசியை எடுத்துக்கொண்டு போனேன். தங்கை மகள் மூடியைத் திறந்து பார்த்தாள், வெறும் போசி. கண் கலங்க, "பெரீம்மா இருந்தாலும் இப்புடித்தானுங்க குடுத்திருப்பாங்க" என்றாள். அவளை அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். பின்கட்டில் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன, நான் பேசினால் எனக்கே கேட்காது. முந்தானையை எடுத்து இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தேன்.

"வாங்கிக்கறனுங்க, சாமி."