நேற்று மத்தியானம் வந்த தம்ஸ்-அப்

கிளாரா அக்கா இறந்துவிட்டார். நேற்று காலையிலேயே... எங்களுக்கு இப்போதுதான் தெரியும்.

இதை நியூசிலாந்தின் சவுத் ஐலண்டில், ட்வைசல் பக்கம் ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில் நின்றுகொண்டு டைப் பண்ணுகிறேன். சிவம் அண்ணா காரைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். இரண்டு பேராலும் உட்கார முடியவில்லை.

நாளைக் காலை ஆக்லாந்தில், ரானுயியில் சர்ச் சர்வீஸ். லாங் வீக்கெண்ட்... கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஆக்லாந்துக்கு ஃபிளைட்டில் ஒரு சீட் கிடையாது.

காரிலேயே போய்விடலாமா என்று அண்ணா மேப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார். நடுவில் கடல் இருக்கிறது. ஃபெர்ரியும் ஃபுல்.

தெரியாதவர்களுக்கு... நாங்கள் மூவரும் ஆக்லாந்தில், கிளென்ஃபீல்டில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒன்றாக வேலை பார்த்தோம். அக்கா மலேசியா, ஈப்போக்காரர், கிச்சன். அண்ணா யாழ்ப்பாணம், மெயின்டனன்ஸ். நான் மதுரை, லாண்டரி.

பறவை பார்க்கிற கிறுக்கு எங்களுக்குப் பிடித்தது அக்காவால்தான்.

அவரோடு போனால் கார் கதவைச் சாத்தக் கூடாது. "டோர் அடிக்காதீங்க லா, பறந்துரும்." கதவு திறந்தபடியே கிடக்கும், மெக்கன்ஸி சமவெளியின் தூசி மொத்தமும் சீட்டில் ஏறும். ரென்டல் காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் அண்ணா திட்டிக்கொண்டே துடைப்பார்.

போன வசந்தத்தில் ஒரு பாறைச் சரிவில் ஏறினோம். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குருவிக்காக உட்கார்ந்திருந்தோம், காற்று ஆளையே தள்ளியது.

"போதும்க்கா, இறங்கலாம்" என்றேன். "கீழ யாரு உனக்கு விருந்து வச்சிருக்காங்க?" என்று கேட்டுவிட்டு சம்பல் சாண்ட்விச்சைக் கையில் திணித்தார்.

குருவி வரவே இல்லை. அதற்கும் என்னைத்தான் திட்டினார்.

இந்த வருஷ டிரிப்பை புக் பண்ணியதும் அவர்தான். அதற்குள் அவருக்கு இருந்த கேன்சர் ஈரலுக்குப் பரவிவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் போங்க. போட்டோ அனுப்புங்க, என்னான்னு நான் சொல்றேன்."

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பறவை. கருப்பு நெடுங்கால் உள்ளான். உடம்பு முழுக்கக் கருப்பு, கால் மட்டும் சிவப்பு. உலகத்திலேயே மிச்சம் இருப்பது கொஞ்சம்தான், அதுவும் இந்த ஆற்றுப் படுகைகளில்.

வெள்ளை உள்ளானோடு கலந்து பிறந்தவை நிறைய உண்டு. துளி வெள்ளை இருந்தாலும் அக்கா சேர்த்துக்கொள்ள மாட்டார். இத்தனை வருஷம் தேடியும் சுத்தக் கருப்பு ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை.

முதல் இரண்டு நாளும் நாங்கள் அனுப்பிய ஒவ்வொரு போட்டோவுக்கும் உடனே பதில் வந்தது. "இல்ல." "கலப்பு." "இது வாத்து, கண்ணாடி போடு."

நேற்று மத்தியானம் ஆற்றோரம் ஒன்று... தூரத்தில், கருப்பாக. அனுப்பினோம். தம்ஸ்-அப் வந்தது.

"அக்கா ஓமெண்டு சொல்லிட்டா" என்று சொல்லிக்கொண்டே சிவம் அண்ணா கூழாங்கல்லில் உட்கார்ந்து அழுதுவிட்டார். நானும்தான்.

அதைப் போட்டது அக்கா இல்லை. அவர் மகள் ரேச்சல்.

இன்றைக்கு அவளே கூப்பிட்டாள். யாராவது ஃபேஸ்புக்கில் போட்டு நாங்கள் பார்த்துவிடுவோம் என்ற பயம். டிரிப் முடிகிற வரை சொல்லக் கூடாது என்று அக்கா அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்... சொன்னால் நாங்கள் காரைத் திருப்பிவிடுவோமாம்.

"ஐ டிட்ன்ட் நோ வாட் டு ரிப்ளை, ஆண்ட்டி" என்று அழுதாள். அவளுக்குக் காக்காய்க்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாது, பாவம்.

அவள்மேல் கோபமில்லை. அக்கா மேல்தான் கோபம் கோபமாக வருகிறது. கடைசியாக முகத்தைப் பார்க்கக்கூட விடவில்லையே...

அக்கா தம்ஸ்-அப் போடுகிற ஆளா? எங்களுக்கு உறைக்கவே இல்லை.

கொஞ்சம் முன்னால் அண்ணா நடப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்தார். "அந்தப் படத்தை ஒருக்காப் பெருசாக்கும்."

பெருசாக்கினேன். வாலுக்குக் கீழே வெள்ளை. நன்றாகவே தெரிந்தது.

அப்புறம் அண்ணா போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். "இன்னும் வெளிச்சம் கிடக்கு. வாரும்."

அக்கா... நேத்து அனுப்பினது கலப்புதான். அதை நம்பிடாதீங்க.

நாங்க திரும்ப ஆத்துக்குப் போறோம். நீங்க போயிட்டு வாங்க.