நான் வாசிக்காத விண்ணப்பம்

என் மகளுக்கு இருபத்து மூன்று வயது. கற்றல் குறைபாடு உள்ளவள். பேச்சு கொஞ்சம்தான் வரும். அவசரப்படுத்தினால் அதுவும் வராது. ஐந்து வருடமாக நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டு நகரத்தில், பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் ஒரு சிறிய பகல்நேர மையத்துக்குப் போய்வந்தாள். அங்கே அவளைப் பார்த்துக்கொண்டது ஒரு யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள். மகளுக்கு அவள் 'அக்கா'. வாரம் ஒருநாள் இருவரும் நியூ லின் ஸ்டேஷனில் ரயில் ஏறி டவுனுக்குப் போய்த் திரும்புவார்கள். எங்களோடு வந்தால் என் மகள் ரயிலைக் கண்டதும் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். அவளோடு மட்டும் எப்படி ஏறுகிறாள் என்று நான் கேட்டதே இல்லை. ஏதோ நடக்கிறது, நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த மாதிரி மையங்களுக்குப் பணம் கொடுக்கும் அலுவலகம் போன வருடம் டெண்டர் விட்டது. எங்கள் வட்டாரத்துக்கு இனி ஒரே நிறுவனம்தானாம். விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடும் குழுவில் பெற்றோர் சார்பாக என்னைக் கூப்பிட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

முதல் நாளே ஒரு படிவம். போட்டியிடும் நிறுவனம் எதனுடனாவது உங்களுக்குத் தொடர்பு உண்டா? நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் வருடக்கணக்காகப் படிவம் நிரப்பியவள். எங்கள் மையமும் போட்டியில் இருந்தது. உண்டு, என் மகள் அங்கே போகிறாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மிகவும் மரியாதையாக நன்றி சொன்னார்கள். அந்த ஒரு விண்ணப்பம் மட்டும் என் கைக்கு வராது, அதைப் பேசும்போது நான் வெளியே இருக்க வேண்டும் என்றார்கள்.

என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நம்ம பொண்ணுக்காகத்தானே போன? வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?"

திருட்டுத்தனம் பண்ணச் சொல்கிறீர்களா என்று கத்தினேன். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

தாளில் எழுதியிருப்பதற்கு மட்டும்தான் மதிப்பெண் என்று குழுத் தலைவி திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு பெரிய நிறுவனத்தின் விண்ணப்பம் மடிப்புக் கலையாத சட்டை மாதிரி இருந்தது. பிள்ளைகளை ரயில், பஸ் ஏறப் பழக்கும் பயணப் பயிற்சிக்கு மட்டுமே அட்டவணையோடு நான்கு பக்கம். பத்துக்கு ஒன்பது போட்டேன். நான்தான் போட்டேன். எங்கள் மையத்தின் முறை வந்ததும் எழுந்து வெளியே போய் வராந்தாவில் நின்று டீ குடித்தேன். திரும்பி வந்தபோது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள்.

பெரிய நிறுவனத்துக்கே கிடைத்தது. மையத்தை மூடிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பெண் ஹில்ஸ்பரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான் என் கதை.

புதிய இடத்தில் முதல் வாரம் நானும் கூடப் போனேன். புதிய உதவியாளர் நல்ல பெண். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் ஒரு ஃபைல் வைத்திருந்தாள். நியூ லின்னில் ரயில் வந்ததும் என் மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் பின்னால் நின்று இதமாகப் பேசிப் பார்த்தாள், பிறகு கையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். மூன்று ரயில்கள் போய்விட்டன. பஸ்ஸில் திரும்பும்போது மகள் என்னைப் பார்த்து, "அக்கா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் அழ வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அந்த அக்காவே போன் செய்தாள். பிள்ளை ரயில் ஏறினதோ என்று கேட்டாள். ஏறினாள் என்றேன்.

"பிள்ளை ஏறியிராது அக்கா. நாங்கள் முதல் ஏறி, உள்ளுக்க நிண்டு கையை நீட்டோணும். பிறகு பேசாமல் நிக்கோணும். தானா வரும். இழுத்தால் வராது."

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவுதானா? இதை அந்த விண்ணப்பத்தில் எழுதியிருந்தால் என்ன என்று அவள்மீதே எரிந்து விழுந்தேன்.

அவள் கோபப்படவில்லை. "எழுதினனாங்கள் அக்கா," என்றாள். "உங்கட பிள்ளையைப் பற்றித்தான் முதல் பக்கமே. நீங்கள் வாசிப்பியள் எண்டுதானே எழுதினனாங்கள்."