ஏசப்பாவிடம் சொன்னதை அப்பா கேட்கலாமா?

போன சனிக்கிழமை காலை, உத்தமபாளையத்திலிருந்து தம்பி டேனியல் போன் செய்தான். குரலில் அப்படி ஒரு பதற்றம்.

“அக்கா, ஒடனே கெளம்பி வாக்கா. ஒன் மருமக ஜெபம் பண்ண மாட்டேங்கிறா.”

என்னவோ ஏதோ என்று பயந்துபோனவள், கடைசி வார்த்தையைக் கேட்டதும் மூச்சு விட்டேன். ஒரு பிள்ளை ஜெபம் பண்ணவில்லை என்பதற்காகவா தேனியிலிருந்து ஒருத்தியை பஸ் ஏறச் சொல்வார்கள்?

சொல்வார்கள். எங்கள் வீடுகளில் சொல்வார்கள். பிள்ளை கணக்கில் பின்தங்கினால் டியூஷன் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் ஊசி இருக்கிறது. இதற்கு? அத்தைதான் இருக்கிறாள்!

டேனியல் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். மனைவி ரூபி நர்ஸ். ஒரே மகள் பெனிட்டா, ஏழாம் வகுப்பு. வீட்டில் பெனி. ஞாயிறு பள்ளியில் வேத வசனப் போட்டி என்றால் டிபன் பாக்ஸ் பரிசு இவளுக்குத்தான். ஜெபம்? முன்பெல்லாம் இவளை ஜெபிக்க வைப்பது கஷ்டமே இல்லை. முடிக்க வைப்பதுதான் கஷ்டம். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி, பள்ளிக்கூட வேன் டிரைவர், திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற அண்ணன்... ஒருத்தர் விடாமல் ஏசப்பாவிடம் ஒப்படைத்த பிறகுதான் ஆமென் வரும். அதற்குள் இட்லி ஆறிப்போகும்.

அப்படிப்பட்டவள் வாயை மூடிக்கொண்டாள் என்றால் சும்மாவா?

சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். ஏழரை மணிக்குக் குடும்ப ஜெபம். தெரு முழுக்க மெகா சீரியல் அழுதுகொண்டிருக்கிற நேரத்தில், டி.வி.யை அணைத்துவிட்டுப் பாய் விரிப்பது லேசான காரியமா? அந்த விஷயத்தில் தம்பியைப் பாராட்டத்தான் வேண்டும். பாட்டு முடிந்தது. வேத வாசிப்பு முடிந்தது. அப்புறம் ஒவ்வொருவராக வாய் திறந்து ஜெபிக்க வேண்டும். சின்னவர்கள் முதலில், குடும்பத் தலைவர் கடைசியில் — அது அந்த வீட்டு வழக்கம்.

பெனியின் முறை வந்தது. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, “ஆமென்.” அவ்வளவுதான்.

ரூபி ஜெபித்தாள். நான் ஜெபித்தேன். கடைசியில் டேனியல் ஆரம்பித்தான்.

“ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு இருக்கிற பிடிவாதத்த எடுத்துப்போடும். பெத்தவங்க மனச நோகடிக்கிற இருதயத்த மாத்தும். அத்தை இம்புட்டுத் தூரம் வந்திருக்காக, அவக முன்னாலயாச்சும்...”

நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். (தப்புதான்!) பெனி இரண்டு கண்ணையும் திறந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நம்மவர்களுக்கு இது ஒரு வியாதி. நேரில் சொல்லத் தயங்குவதையெல்லாம் ஜெபத்தில் ஜாடையாகச் சொல்லிவிடுவது. குழம்பில் உப்பு கூடிப்போனால், ‘சமைக்கிற கைகளுக்கு ஞானத்தைத் தாரும்.’ வீட்டுக்காரர் நேரம் கழித்து வந்தால், ‘இந்தக் குடும்பத்தின் தலைவருக்கு வீட்டு நினைப்பைத் தாரும்.’ கேட்கிறவரோ கைகூப்பிக் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார். குறுக்கே பேச முடியுமா? எதிர்க்கேள்வியே வராத மேடை! எந்த அரசியல்வாதிக்குக் கிடைக்கும்?

பெனியும் இதைக் கேட்டுக் கேட்டுத்தான் அலுத்துப்போயிருப்பாள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். மறுநாள்தான் விஷயம் தெரிந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, நானும் அவளும் மாடியில் உட்கார்ந்து மொச்சைக்காய் உரித்தோம். நானாக எதையும் கேட்கவில்லை. பிள்ளைகளிடம் கேட்டால் பதில் வரும். கேட்காமல் இருந்தால்தான் விஷயம் வரும். பாதிக் காய் தீர்ந்த பிறகு அவளே ஆரம்பித்தாள்.

“அத்தை, ஏசப்பாகிட்டச் சொல்றத அப்பா கேக்கலாமா?”

“என்னத்தா சொல்ற?”

மெதுவாகச் சொன்னாள். கொஞ்ச நாளைக்கு முன்னால், கடையில் அப்பாவின் மல்டிமீட்டரைக் கை தவறிக் கீழே போட்டு உடைத்துவிட்டாள். காயிலில் கரண்ட் ஓடுகிறதா, அறுந்திருக்கிறதா என்று பார்க்கிற மீட்டர். அது இல்லாமல் டேனியலுக்கு வேலையே ஓடாது. பயத்தில், “பூனை தட்டிவிட்டிருச்சு” என்று சொல்லிவிட்டாள். டேனியலுக்கு வந்ததே கோபம்! பூனையைச் சாக்குப்பையில் போட்டு, பைக்கில் கொண்டுபோய், குச்சனூர்ப் பக்கம் வயக்காட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டான். குட்டியிலிருந்து இவள் பாலூற்றி வளர்த்த பூனை.

“அன்னைக்கு ஜெபத்துல அழுதுட்டேன் அத்தை. பூனை ஒடைக்கல ஏசப்பா, நான்தான் ஒடச்சேன். பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிரும். பூனைய எப்பிடியாச்சும் வீட்டுக்குக் கொண்டாந்து விட்ரும்னு கேட்டேன்.”

“அப்புறம்?”

“அப்பா ஆமென் சொன்னாக. ஒடனே கண்ணத் தெறந்து, ‘அப்ப நீதானா?’ன்னு அடிச்சிட்டாக.”

மொச்சைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

“எதையும் மறைக்காம ஆண்டவருகிட்டச் சொல்லிரணும், அவரு மன்னிப்பாருன்னு அப்பாதான் அத்தை சொல்லிக் குடுத்தாக. அவரு மன்னிச்சாரா இல்லையான்னே எனக்குத் தெரியல. அதுக்குள்ள அப்பா அடிச்சிட்டாக. இப்ப ஏசப்பாகிட்ட எது சொன்னாலும் அப்பாவுக்குத் தெரிஞ்சிரும்ல?”

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். பிள்ளைக்கு அடி வலித்தது மறந்துபோயிருக்கும். மனசைக் கொட்ட ஒரு இடம் இருந்தது, அது போய்விட்டது. அதுதான் அவளை வாட்டியிருக்கிறது. பூனையும் திரும்பி வரவில்லை.

கீழே போய்த் தம்பியிடம் சொன்னேன். பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவன் துணியை உதறினான்.

“அக்கா, பொய் சொன்னவள மடியில வச்சுக் கொஞ்சச் சொல்றியா? வாயில்லாச் சீவனை அநியாயமா வெரட்ட வச்சுட்டா. பொய் சொல்லக் கூடாதுன்னு கண்டிக்கிறதும் பிள்ள வளக்கிறதுதானக்கா?”

நியாயம்தானே? அதுதான் சிக்கலே. இரண்டு பாடத்தையும் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான். பொய் சொல்லாதே என்றான், ஆண்டவரிடம் மறைக்காதே என்றான். பிள்ளை இரண்டாவதை நம்பி வாய் திறந்தாள். முதலாவதற்கு அடி வாங்கினாள்.

“அவ யாருகிட்டடா சொன்னா?”

“ஆண்டவருகிட்ட.”

“நீ ஏன்டா நடுவுல புகுந்த?”

துணியை மடிக்க ஆரம்பித்தான். “பக்கத்துலதானக்கா ஒக்காந்திருக்கேன். கேட்டுப்புட்டு எப்பிடிக்கா சும்மா இருக்க?”

“ஆமென் சொன்ன கையோட அடிக்காத. பொறு. அவளே ஒன்கிட்ட வந்து சொல்ற வரைக்கும் பொறு.”

“வரலேன்னா?”

“அவருகிட்டப் போன காரியத்த அவரு பாத்துக்குவாருன்னு நம்பு. விசுவாசம் பிள்ளைக்கு மட்டும்தானா?”

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் முழு உறுதியில்லை. நாளைக்கே ஒரு பிள்ளை, திருடினேன் என்று ஜெபத்தில் சொன்னால் பெற்றவர்கள் செவிடாக இருக்க முடியுமா? தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. வசனம் சொல்லிக் கொடுக்கிறோம், பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறோம், ஆண்டவர் அன்பானவர், மன்னிக்கிறவர் என்று சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளை அவரைப் பார்த்ததில்லை. பார்ப்பதெல்லாம் நம்மைத்தான். நம் முகம் கடுகடுவென்று இருந்தால் அவர் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறது. தப்பு பிள்ளை மேலா?

நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் அன்றைக்குச் சீக்கிரமே பாய் விரித்தார்கள். பெனி வழக்கம்போல “ஆமென்” என்றாள். ரூபியும் நானும் முடித்தோம். டேனியல் தொண்டையைச் செருமினான். ஐயோ, மறுபடியும் ஜாடையா என்று நினைத்தேன்.

“ஆண்டவரே...” என்று ஆரம்பித்தான். “அன்னைக்கு இந்தப் பிள்ள உம்மகிட்ட வந்துச்சு. நான் குறுக்க புகுந்து அடிச்சிட்டேன். அது எனக்குச் சொன்னதில்ல. பூனையவும் ஒண்ணும் விசாரிக்காமக் கொண்டுபோயி விட்டுட்டேன். நான் செஞ்சது தப்பு. என்னைய மன்னிச்சிரும்.”

ஆமென் அவன் வாயில் வரவில்லை; ரூபிதான் சொன்னாள்.

கண்ணைத் திறந்தோம். டேனியலுக்கு மகள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, “பெனி... அப்பா இப்பச் சொன்னது...” என்று இழுத்தான்.

அவள் எழுந்து, பாயைச் சுருட்ட மறுமுனையைப் பிடித்தாள்.

“எனக்கு ஒண்ணும் காதுல விழுகலப்பா. நீங்க ஏசப்பாகிட்டல்ல பேசிக்கிட்டிருந்தீக?”

நானும் எதுவும் காதில் விழாதவள் போலத்தான் பஸ் ஏறினேன். இப்போது உங்களிடம் உளறிவிட்டேன்... நீங்களாவது கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள்!