புதுசென்று சொல்லித் தந்த கல்

நான் எழுதிய பலகைக்குக் கீழே நிற்கவைத்துத்தான் என்னை விசாரித்தார்கள். பச்சைப் பெயின்றில் ஏழு விதி. "கவர் இல்லாமல் கிறைண்டரைத் தொடாதே" என்பது முதலாவது. கட்டுப்போட்ட கையோடு நான் நின்றேன். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த என் சிநேகிதன் பக்கத்தில் நின்று, மனேச்சரைப் பார்த்துச் சொன்னான்:

"நான் வேண்டாமெண்டு சொன்னனான் ஐயா. அவன்தான் கேக்கேல்லை."

மூன்று வருடமாகிறது. அந்த வசனத்தை அவன் எந்த மூச்சில் தொடங்கி எந்த மூச்சில் முடித்தான் என்பதுகூட எனக்கு ஞாபகம்.

சோதனையில் பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சப் புள்ளி போதாமல் போனவன் நான். வீட்டில் சும்மா இருக்க ஏலாமல், உட்துறைமுகப் பக்கம் பார்ஜுகளையும் லோஞ்சுகளையும் திருத்துகிற பட்டறையில் பயிலுநனாகச் சேர்ந்தேன். சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருகிற அவனும் அப்படித்தான் சேர்ந்தான். ஒரு வருடம் பார்ப்பார்கள். பிறகு இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் நிரந்தரம். இதை முதல் நாளே போர்மன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மத்தியானச் சாப்பாட்டை ஒரே தட்டில் போட்டுப் பிசைந்துகொண்டே நாங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டோம்: யாருக்குக் கிடைத்தாலும் மற்றவன் முகத்தை நீட்டக்கூடாது. சொன்னேனே தவிர, எனக்கு அந்த இடம் வேண்டும். பசிக்கிறவனுக்குச் சோறு போல வேண்டும்.

அந்த வருடம்தான் இரும்பு அராவுகிற சின்னக் கிறைண்டர் வந்தது. அதுவரை பட்டறையில் இருந்தது ஒன்பது அங்குல வட்டக் கல் பூட்டுகிற பெரிய மெசின் ஒன்றுதான். தூக்கினால் தோள் கழன்றுவிடும். இது ஐந்து அங்குலம். நீலப் பெட்டிக்குள் மெசினும், மேலே ஒரு ஆங்கிலப் புத்தகமும். மெசினுக்கு எல்லோரும் கை நீட்டினார்கள். புத்தகத்தை நான் எடுத்தேன். மூதூர் லோஞ்ச் வந்து கட்டுகிற பாலத்தில் இருந்து மூன்று மத்தியானத்தில் வாசித்து முடித்தேன். என்ன சுகமான புத்தகம்! ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் இருந்தது. புதுக் கல்லைப் பூட்டினால் ஒரு நிமிசம் வெறுமனே ஓடவிடு. உடைகிறதென்றால் அப்போதே உடையட்டும். கல் சுற்றுகிற நேர்கோட்டில் முகத்தை வைக்காதே. துரு சுரண்ட சாண்ட்பேப்பர் வட்டம் பூட்டினால் அடியில் ரப்பர் தட்டு இல்லாமல் பூட்டாதே. அழுத்தாமல் படுக்கையாகப் பிடி. கல்லை மாற்ற முதல் பிளக்கைக் கழற்று.

இதையெல்லாம் தமிழில் எழுதி, பலகையாக்கி, சுவரில் அடித்தேன். போர்மன் முதுகில் தட்டினார். மற்றவர்கள் எனக்குப் 'புறொபெசர்' என்று பட்டம் வைத்தார்கள். கல்லை விரலில் தொங்கவிட்டு, ஸ்குறூ டிறைவர் பிடியால் மெல்லத் தட்டிப் பார்ப்பேன். நல்ல கல் கணீரென்னும், வெடிப்பு விழுந்தது சொத்தென்னும். அதைக் கண்டால் வெல்டிங் அண்ணைக்குக் கொண்டாட்டம்.

"கல்லுக்கு நாடி பாக்கிறார் புறொபெசர். காய்ச்சல் கீய்ச்சல் கிடக்கோ?"

"கசாயம் குடுங்கோ ஐயா!" என்பார் இன்னொருவர்.

என் சிநேகிதன்தான் சிரிக்காமல் பக்கத்தில் நின்று கேட்டான். "எங்க, இன்னொருக்காத் தட்டு மச்சான், கேப்பம்." எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். போட்டிக்காரனுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்ற எண்ணமே வரவில்லை.

பட்டறையில் ஒரு பழக்கம் இருந்தது. வெளிநாட்டுச் சாமான் வராத காலத்தில் ஒரு கல்லுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் அவர்கள். தேய்ந்த கல்லை எறிய ஒருவருக்கும் கை வராது. பெரிய மெசினில் தேய்ந்து ஏழு அங்குலமான கற்களைப் ஒரு பிஸ்கட் தகர ரின்னில் சேர்த்து வைத்திருந்தார்கள். சின்ன மெசின் வந்ததும் அந்த ரின்னுக்கு யோகம் அடித்தது. நடுத்துளை இரண்டுக்கும் ஒரே அளவு, வில்லங்கமே அதுதான். ஏழு அங்குலக் கல் அதை மூடுகிற கவருக்குள் அடங்காது, ஆகவே கவரைக் கழற்றிவிட்டுப் பூட்டுவார்கள். பெரிய மெசின் நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் சின்னது ஏழு சுற்றிவிடும்; அந்த வேகத்துக்குச் செய்த கல் அது இல்லை என்று போர்மனிடம் கணக்குப் போட்டே காட்டினேன். "ஓம் தம்பி, ஓம்" என்றார். மறுநாள் ரின் பெஞ்சுக்குக் கீழே இருந்து சாமான் வைக்கிற ஸ்ரோர்க் கதவுக்குப் பின்னால் போனது. அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒரு பார்ஜின் அடித்தட்டுக்குள் வேலை. மனிதன் குந்தியிருக்க மட்டும் இடம். வெல்டிங் பிடித்த இடத்து முண்டுகளை நான் உள்ளே இருந்து அராவவேண்டும். அவன் மேலே வாசலில் இருந்து சாமான் எடுத்துத் தருவான். பூட்டியிருந்த கல் தேய்ந்து முடிந்துவிட்டது, புதிது வாங்கிவா என்று மெசினை மேலே கொடுத்தேன். கெதியாகத் திரும்பி வந்தான். மெசினைக் கீழே இறக்கினான். கவர் இல்லை.

"கவர் எங்கடா?"

"மூலைக்குள்ள போகாது மச்சான், முட்டும். அதான் கழட்டினனான்."

"கல்லு?"

"புதுசு. ஸ்ரோரில இப்பதான் எடுத்தனான்."

"தட்டிப் பாத்தனியே?"

"நீ சொல்லித்தந்த மாதிரியே தட்டினனான். கணீரெண்டது. பிடி, பின்னேரத்துக்குள்ள முடிக்கவேணும்."

சின்ன மெசினின் கல்லுக்கு நீல லேபல், பெரியதற்குச் சிவப்பு. லேபல் மெசின் பக்கம் திரும்பியிருந்தது. இருட்டு வேறு. அளவு கொஞ்சம் பெரிதாகத் தெரியவில்லையா என்று கேட்டால், தெரிந்தது என்றுதான் சொல்லவேண்டும். அவன் தட்டிப் பார்த்தேன் என்றான். அதற்குமேல் நான் பார்க்கவில்லை. ஒரு நிமிசம் வெறுமனே ஓடவிடவும் இல்லை. சுவிச்சைத் தட்டினேன். கல் இரும்பைத் தொட்டதோ இல்லையோ, காதுக்குள் பலகை முறிந்தது போல ஒரு சத்தம்.

கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. ஒரு துண்டு இடது முன்கையைக் கிழித்துக்கொண்டு போனது. இன்னொன்று பக்கத்து மரக்குற்றியில் குத்தி நின்றது. அதில் சிவப்பு லேபல். அதை நான் என் கண்ணால் பார்த்தேன், இரத்தத்தைப் பொத்திக்கொண்டு.

இதுவரை நடந்ததை நான் துரோகம் என்று சொல்லமாட்டேன். ஸ்ரோரில் கல் எடுப்பதென்றால் துண்டுச்சீட்டு எழுதி, கையெழுத்து வாங்கி, நிற்கவேண்டும். அந்த அலைச்சலுக்குப் பஞ்சிப்பட்டு அவன் ரின்னில் கை வைத்திருக்கிறான். உண்மையைச் சொன்னால் நான் திருப்பி அனுப்புவேன் என்று தெரிந்து ஒரு பொய் சொல்லியிருக்கிறான். யாரும் செய்யக்கூடியதுதான். தையல் போட்டுக்கொண்டு கிடந்தபோதும் அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்து சொல்லுவான் என்று காத்திருந்தேன்.

அவன் சொன்னது மனேச்சருக்கு முன்னால். "நான் வேண்டாமெண்டு சொன்னனான்."

"சிவப்புக் கல் ஐயா. துண்டு குற்றியில குத்தி நிக்குது, ஆளை விட்டுப் பாருங்கோ" என்றேன்.

பார்த்தார்கள். அடித்தட்டுக் கூட்டித் துடைத்துக் கிடந்தது. குற்றியே அங்கே இல்லை.

"இந்தப் பட்டறையில பழைய கல் பாவிக்கிறதோ?" மனேச்சர் பொதுவாகக் கேட்டார்.

வெல்டிங் அண்ணை தன் செருப்பைப் பார்த்தார். ஸ்ரோர்க்காரர் துறைமுகத்தைப் பார்த்தார். ரின்னை ஒளித்துவைத்த போர்மன் நிமிர்ந்து நின்று, "இல்லை ஐயா. கண்டிப்பா இல்லை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மெத்தப் பாசமாக, "விதி எழுதினவரே கவரைக் கழட்டினா நாங்கள் என்ன தம்பி செய்யிறது?" என்றார்.

ஒருவர் வாய் திறந்தால் ரின் வெளியே வரும். ரின் வந்தால் எல்லோருடைய பெயரும் வரும். ஒருவர் போனால் போதும் என்று எல்லோரும் முடிவெடுத்திருந்தார்கள், என்னைக் கேட்காமல். அடுத்த மாதம் நிரந்தரம் அவனுக்குக் கிடைத்தது. எனக்குப் பயிற்சி முடிந்ததாக ஒரு கடிதம் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தான். விசாரணையில் அவன் சொன்னது அம்மாவுக்குத் தெரியாது. கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, "மெலிஞ்சு போனாய் மகன்" என்றார். அம்மா குசினிக்குள் போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னான்:

"உனக்குப் படிப்புக் கிடக்கு மச்சான். எங்க போனாலும் எடுப்பாங்கள். எனக்கு இதை விட்டா வேற என்ன கிடக்கு?"

"கேட்டிருந்தா விட்டுத் தந்திருப்பன்."

"தந்திருக்கமாட்டாய்." கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீயே யோசிச்சுப் பார்."

யோசித்தேன். தந்திருக்கமாட்டேன். ஒரே தட்டில் சாப்பிட்டவன் என்னை அந்தளவுக்குச் சரியாக அளந்து வைத்திருந்தான். என் கையைக் கிழித்த கல்லைவிட எனக்கு அதுதான் அதிகம் நொந்தது. அதற்காக அவன் செய்தது சரியாகிவிடாது. இன்றைக்கும் நான் அதற்குத் துரோகம் என்றுதான் பெயர் சொல்வேன்.

எழுந்து, "வரட்டே?" என்றான். எங்கள் வீட்டில் யார் வந்தாலும் வாசல் படலை வரைக்கும் போய் வழியனுப்புவோம். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் போய் மறைந்த பிறகு அம்மா வெளியே வந்தார்.

"ஏன் பிள்ளை, படலை மட்டும் போகேல்லை?"

"கை நோகுதம்மா" என்றேன்.